அம்மாவுக்கு பிப் மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடு செய்வதில் பயன் இருக்கிறதா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 58 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம், பல வருடமாகச் சீனி வருத்தம், நாரிநோவு வேறு. பிப், அதாவது நீண்டகால வருத்தமோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு, கேட்டு விண்ணப்பித்தீர்கள், தொலைபேசியில் மதிப்பீடு நடந்தது, அன்றாட வாழ்வுப் பகுதியில் 4 புள்ளி, நடமாட்டப் பகுதியில் 4 புள்ளி, ஆகவே எதுவும் இல்லை என்று கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. மேன்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ஜிபி (குடும்ப வைத்தியர்) கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் வைத்தோம், அப்படியிருந்தும் நம்பவில்லை." உங்களை உண்மையில் குடைவது அதுதான் என்று நினைக்கிறேன், அதற்குப் பதில் தெரிந்தால் மற்றக் கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

கிழக்கு லண்டனில் ஓர் ஆலோசனை நிலையத்தில் நலவுரிமை ஆலோசகராகப் பல வருடம் வேலை செய்தவன் நான். சட்டத்தரணி இல்லை. இப்படியான மேன்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் விண்ணப்பதாரரின் பக்கத்தில் இருந்து பேசிய அனுபவத்தில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் பத்திரங்களை நான் பார்க்கவில்லை, அதனால் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது, எங்கே பெரும்பாலும் பிழை நடக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் தேதி. தீர்மானக் கடிதத்தின் மேலே அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், பிப் கொடுக்கும் அரசுத் திணைக்களமான டிடபிள்யூபியிடம் "மீள்பரிசீலனை" கேட்க வேண்டும், உங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்த நாளிலிருந்து கணக்கில்லை. இதைச் செய்யாமல் நேரே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, அதனால்தான் ஆங்கிலத்தில் அதைக் கட்டாய மீள்பரிசீலனை என்கிறார்கள். இரண்டு கிழமை போய்விட்டது என்றால் இன்றோ நாளையோ கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்து, தீர்மானத்தை மீள்பரிசீலனை செய்யுங்கள், காரணங்களும் ஆதாரமும் பின்னால் எழுத்தில் வரும் என்று சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்து, நீங்கள் அவருக்காகப் பேசலாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். யாரோடு எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். அதே அழைப்பில் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள், அதன் பெயர் பிஏ4, கேட்டால் அனுப்புவார்கள். அந்த அறிக்கை கையில் இல்லாமல் எழுதும் மேன்முறையீடு இருட்டில் எறியும் கல் மாதிரி. ஒரு மாதம் தவறிவிட்டாலும் நல்ல காரணம் இருந்தால் 13 மாதம் வரை ஏற்கலாம், ஆனால் அது அவர்கள் கையில் இருக்கிறது, அதை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, ஏன் "நம்பவில்லை"? என் அனுபவத்தில், இப்படியான கடிதங்களில் பெரும்பாலும் நோயை மறுத்திருக்க மாட்டார்கள். கடிதத்தை வடிவாக வாசித்தால் "உங்களுக்கு மூட்டுவாதம் இருப்பதாகச் சொன்னீர்கள், ஏற்றுக்கொள்கிறேன்" என்ற மாதிரி ஒரு வசனம் அதிலேயே இருக்கக்கூடும். பிப் 2013 இல் தொடங்கியதிலிருந்து அதன் விதிகள் நோயின் பெயருக்குப் புள்ளி கொடுப்பதில்லை. அன்றாட வாழ்வில் பத்துச் செயல்கள், நடமாட்டத்தில் இரண்டு, ஒவ்வொன்றிலும் அம்மாவுக்கு எந்த அளவு உதவி தேவை என்பதற்கு மட்டும்தான் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். உங்கள் ஜிபி கடிதம் என்ன சொல்லியிருக்கும்? இன்ன வருத்தம், இன்ன மருந்து, இத்தனை வருடமாக. அது உண்மை, ஆனால் அம்மா குளிக்கும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க யாராவது பிடிக்க வேண்டுமா என்பதற்கு அதில் ஒரு வரியும் இருந்திருக்காது. அந்த இடத்தை மதிப்பீட்டாளர் தொலைபேசியில் கேட்டதை வைத்து நிரப்பியிருப்பார்.

தொலைபேசியில் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் ஊகிக்கலாம், ஏனென்றால் எங்கள் அம்மாமார் பலரும் அதையேதான் சொல்கிறார்கள். சமைக்கிறீர்களா? ஓம், சமைப்பேன். குளிக்கிறீர்களா? ஓம். வெளியே போவீர்களா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், "என்னைக் குளிப்பாட்டுவது மகள்" என்று சொல்ல எங்கள் ஆக்களுக்கு வாய் வராது. அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை. கோயிலுக்குப் போவேன் என்பதில், நீங்கள் காரில் வாசலில் இறக்கிவிடுவதும், உள்ளே கதிரை போட்டு இருப்பதும், அன்று இரவு முழங்கால் வீங்கி அடுத்த நாள் படுத்தே கிடப்பதும் இல்லை. அறிக்கையில் அது "கிழமைக்கு ஒருமுறை கோயிலுக்குச் செல்கிறார், ஆட்களோடு பழகுகிறார், நடக்கிறார்" என்று ஆகிவிடும். பிஏ4 வந்ததும் முதலில் இப்படியான வசனங்களைத் தேடுங்கள். மேன்முறையீட்டின் பெரும்பகுதி வேலை இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, விடுபட்ட பாதியைச் சேர்த்து எழுதுவதுதான்.

அப்படி எழுதும்போது கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு விதிகள் பிப் ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. ஒழுங்குவிதி 4(2ஏ) சொல்வது: ஒரு செயலை ஒருவர் "செய்ய முடியும்" என்று கணிக்க, அவர் அதைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவையான தடவைகள் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். நியாயமான நேரம் என்றால், அந்த இயலாமை இல்லாத ஒருவர் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய நேரத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அம்மாவால் அந்த அளவில் அதைச் செய்ய முடியாது என்றுதான் சட்டம் பார்க்க வேண்டும். அடுத்தது ஒழுங்குவிதி 7, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. "சில நாள் நல்லா இருப்பேன்" என்று அம்மா சொல்லியிருந்தால் பரவாயில்லை, கிழமையில் எத்தனை நாள் அப்படி என்று எழுதிவிடுங்கள். பாதுகாப்பு பற்றி, தீர்ப்பாயத்துக்கு மேலே இருக்கும் மேல் தீர்ப்பாயம் 2017 இல் வலிப்பு நோய் பற்றிய வழக்குகளில் சொன்னதும் உதவும்: ஆபத்து அடிக்கடி நடக்க வேண்டும் என்றில்லை, நடந்தால் எவ்வளவு கடுமையானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனி திடீரென்று இறங்கித் தலை சுற்றுகிறதா, கைவிரல் மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் இருக்கிறதா? அப்படியானால் அடுப்படியில் தனியாக நிற்பது பாதுகாப்பா என்ற கேள்வி இங்கே வருகிறது.

அன்றாட வாழ்வுப் பகுதியில் உங்கள் அம்மாவின் 4 புள்ளி எங்கே இருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்: சமையலுக்கு உதவிக் கருவி 2, குளிப்பதற்குக் கைப்பிடி போன்ற கருவி 2. இதை வைத்தே பார்ப்போம். சமையல் என்றால் விதியில் புதிதாக வாங்கிய பொருட்களை வைத்து ஒரு ஆளுக்கு ஒரு எளிய சாப்பாடு, வெட்டுவது, தோல் சீவுவது, அடுப்பின் மேல் வைத்துச் சமைப்பது, அவ்வளவுதான். ஐந்து பேருக்குச் சோறும் மூன்று கறியும் வைக்க முடியவில்லை என்று எழுதினால் புள்ளி வராது, குனிந்து ஓவனுக்குள் இருந்து தட்டு எடுக்க முடியாது என்பதும் வராது, ஏனென்றால் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ செய்வதையே பார்க்கிறார்கள். ஆனால் கத்தி பிடித்து வெட்ட ஒருவர் உதவ வேண்டும், அல்லது ஆபத்து வராமல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றால் அது 4. குளிப்பில், தொட்டிக்குள்ளோ ஷவருக்குள்ளோ இறங்க ஏற ஒருவர் பிடிக்க வேண்டும் என்றால் 3, இதில் மாற்றியமைக்காத சாதாரணத் தொட்டியைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள். உடுப்பில் சப்பாத்தும் சொக்ஸும் சேரும், கீழ் உடம்புக்கு உடுத்த ஒருவர் உதவ வேண்டும் என்றால் 2. அம்மா சேலை உடுத்துகிறவர் என்றால் அதையே எழுதலாம், அவரவர் வழமையான உடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டியிலேயே இருக்கிறது. இந்த மூன்றும் உண்மையாக இருந்தால் 4, 3, 2 என்று 9 புள்ளி, சாதாரண வீதம் வந்துவிடுகிறது. 2025-26 இல் அது கிழமைக்கு 73.90 பவுண். உண்மையாக இருந்தால் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புள்ளியைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற கதையை எழுதுகிறவர்கள் தீர்ப்பாயத்தில் டொக்டரின் மூன்றாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள். அது உண்மையாகக் கஷ்டப்படுகிறவரையும் கெடுத்துவிடும்.

நடையில் 4 புள்ளி என்றால் 50 மீற்றருக்கு மேல், 200 மீற்றர் வரை நடப்பார் என்று எடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டு அதிலிருந்து கணித்திருக்கலாம். எங்கே முதலில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், போய் வந்த பிறகு அதே நாளில் இன்னொரு தடவை அதே தூரம் போவாரா என்பதை நீங்களே ஒரு நாள் கூட நடந்து பாருங்கள், தூரத்தை போனில் இருக்கும் வரைபடத்தில் அளக்கலாம். 20க்கும் 50க்கும் இடையில்தான் முடியும் என்றால், தடி இல்லாமல் 8, தடியோடு என்றால் 10. இரண்டுமே சாதாரண வீதத்துக்குப் போதும்.

எங்கள் ஆட்கள் தவறவிடுகிற இன்னும் ஒரு விசயம் இருக்கிறது. போரின்போது நடந்ததால் இன்றைக்கும் இரவு நித்திரை இல்லாமல், தனியாக வெளியே போகப் பயந்து, ஆட்கள் நடுவில் பதறிப்போகிற அம்மாமார் நிறையப் பேர். கேட்டால் முழங்கால் நோவைத்தான் சொல்வார்கள். பிப் மனநிலையையும் பார்க்கிறது: தனியே பயணம் போவது, முகத்துக்கு முகம் ஆட்களோடு பழகுவது, சாப்பிட, குளிக்க ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 2017 மார்ச்சில் அரசாங்கம் மனத்துயரம் காரணமாகப் பயணம் செய்ய முடியாதவர்களின் புள்ளியைக் குறைத்து விதியை மாற்றியது, அதே வருட டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்றது. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்துமா என்பது உங்களுக்குத்தான் தெரியும், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலம் தெரியாது என்பதற்கு வாசிப்பிலோ பேச்சிலோ புள்ளி கிடையாது, அவரவர் தாய்மொழியில் முடியுமா என்றுதான் பார்ப்பார்கள், அதை எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

ஆதாரம் என்று வரும்போது எல்லோரும் ஜிபியிடம் இன்னொரு கடிதத்துக்கு ஓடுகிறார்கள். அதற்குக் காசு கேட்கலாம், வந்தாலும் பழைய கடிதத்தையே திரும்ப அடித்துத் தரலாம். கேட்பதென்றால் குறிப்பாகக் கேளுங்கள்: குளிக்க ஒருவர் உதவ வேண்டும் என்பது இந்த வருத்தத்தோடு பொருந்துகிறதா, எத்தனை மீற்றருக்குப் பிறகு நோ கூடும் என்று எதிர்பார்க்கலாம், இப்படி. உடற்பயிற்சி சிகிச்சையாளரோ, வீட்டுக்கு வந்து கைப்பிடி பொருத்திய கவுன்சில் ஆட்களோ எழுதிய குறிப்பு இருந்தால் அது இன்னும் பெறுமதி, ஏனென்றால் அவர்கள் அம்மா செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள். அப்புறம் உங்கள் சொந்தச் சாட்சியம். "குடும்பத்தார் எழுதினால் எடுபடாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது பிழை. காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள், எந்த வேலையில் கை கொடுக்கிறீர்கள், நீங்கள் வேலைக்குப் போன நாளில் என்ன நடக்கிறது என்று இரண்டு கிழமை நாட்குறிப்பு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தீர்ப்பாயம் அதையும் எடைபோட்டே ஆக வேண்டும். உதவிக்கு ஆளில்லாத வீடு என்றாலும் பிரச்சினை இல்லை, உதவி கிடைக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை, தேவையா என்றுதான் கேட்கிறது.

மீள்பரிசீலனையில் மாற்றாவிட்டால் மனம் உடைய வேண்டாம். பலர் அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு ஆகக் கவலை தருவது அதுதான், ஏனென்றால் உண்மையான இடம் அடுத்ததுதான். மீள்பரிசீலனை முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து இன்னும் ஒரு மாதத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு அனுப்பலாம், இணையத்திலோ எஸ்எஸ்சிஎஸ்1 என்ற படிவத்திலோ. கட்டணம் இல்லை. பத்திரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று குறியிட வேண்டாம், விசாரணை வேண்டும் என்று குறியிடுங்கள். பிப் வழக்குகளில் வழமையாக மூன்று பேர் இருப்பார்கள்: ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், இயலாமை பற்றி அனுபவம் உள்ள ஒருவர். அவர்கள் டிடபிள்யூபியின் ஆட்கள் இல்லை. விசாரணை வரை போன பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கம் முடிவதை அரசாங்கத்தின் சொந்தக் கணக்கே வருடாவருடம் காட்டியிருக்கிறது. காத்திருப்பு மாதக்கணக்கில் இருக்கும், எந்த ஊர் என்பதைப் பொறுத்தது.

படிவத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதுங்கள், இலவசமாகத் தருவார்கள், நீங்கள் மொழிபெயர்க்க விடமாட்டார்கள், அது நல்லதும்கூட. மொழிபெயர்ப்பாளர் சொல்வது அம்மாவுக்கு விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் சாட்சியாகப் போகலாம். அம்மாவிடம் முதலே ஒன்று சொல்லி வையுங்கள், அங்கே வெட்கப்பட வேண்டியதில்லை, அந்த டொக்டர் இதையெல்லாம் தினமும் கேட்கிறவர். ஒரு கவனம்: தீர்ப்பாயம் பார்ப்பது டிடபிள்யூபி முதல் தீர்மானம் எடுத்த நாளில் அம்மா எப்படி இருந்தார் என்பதை. அதற்குப் பிறகு விழுந்து கால் முறிந்தது என்றால் அது புது விண்ணப்பத்துக்கு உரிய கதை. விசாரணைக்கு முன் டிடபிள்யூபி தொலைபேசியில் எடுத்து, இவ்வளவு தருகிறோம், சம்மதமா என்று கேட்கக்கூடும், கேட்ட உடனே ஓம் சொல்ல வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், உங்களோடு ஆலோசகர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி: மேன்முறையீடா, புது விண்ணப்பமா? உங்கள் நிலையில் மேன்முறையீடு. வென்றால் முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து காசு வரும், புது விண்ணப்பம் போட்டால் அந்தப் பழைய மாதங்கள் போய்விடும். தீர்ப்பாயத்துக்குப் புள்ளியைக் குறைக்கவும் அதிகாரம் உண்டு என்பது உண்மை, ஏற்கனவே ஒரு பகுதியில் பிப் கிடைத்துக்கொண்டு மற்றதற்காகப் போகிறவர்கள் அதனால் யோசிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இப்போது எதுவும் கிடைக்கவில்லை, இழப்பதற்கும் எதுவும் இல்லை. அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்தால், கிழமைக்கு 35 மணித்தியாலம் அவரைப் பார்க்கும் ஒருவர் பராமரிப்பாளர் கொடுப்பனவும் கேட்கலாம், 2025-26 இல் வேலை வருமானம் வரி கழித்து 196 பவுணுக்கு மேல் போகாமல் இருந்தால்.

இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். படிவம் நிரப்பித் தருகிறேன், வென்றால் சேர்த்து வரும் பழைய மாதக் காசில் பங்கு தா என்று கேட்கிறவர்கள் எங்கள் ஆட்களுக்குள்ளும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே வசனங்களை எழுதி அனுப்புவார்கள், தீர்ப்பாயம் அதைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்காது. 2013 ஏப்ரலில் இருந்து இந்தக் கட்டத்துக்குச் சட்ட உதவி நிதி இல்லை, ஆனால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், சட்ட நிலையங்கள், சில கவுன்சில்களின் நலவுரிமைப் பிரிவு இலவசமாகச் செய்கிறார்கள், வரிசை நீளம் என்பதால் இப்போதே பெயர் கொடுங்கள். ஒரு செயலிலாவது 4 புள்ளி இல்லாவிட்டால் பிப் இல்லை என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பிப் பின்வாங்க வேண்டாம், அது 2025 மார்ச்சில் வந்த ஒரு யோசனை, ஜூலையில் அரசாங்கமே மசோதாவிலிருந்து எடுத்துவிட்டது. நான் எழுதியது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு கொடுப்பனவு, வேறு காலக்கெடு.

தீர்ப்பாயத்திலும் தோற்றால், முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் காரணங்களை எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேலே மேல் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் அங்கே சட்டப் பிழை இருந்தால் மட்டும்தான் எடுப்பார்கள். நீங்கள் கொடுத்த நாட்குறிப்பை ஏன் ஏற்கவில்லை என்று முதல்நிலைத் தீர்ப்பாயம் ஒரு வரியும் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் சட்டப் பிழையாகலாம், அந்தக் காரணக் கடிதத்தோடு ஒரு சட்ட நிலையத்துக்குப் போங்கள்.